பழகிய கேமை விட்டு வேறு வகைக்குள் நுழைபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிப் பழகியவன் நான். அதன் பிறகு பத்து வருடம் கையில் துப்பாக்கி இல்லாத கேம் எதையும் தொட்டதில்லை. இப்போது என் லேப்டாப்பில் விவசாயம் செய்யும் கேம் இருக்கிறது, கப்பலில் செத்தவர்களை அடையாளம் காணும் கேம் இருக்கிறது, இட்லி அவிக்கும் கேம்கூட இருக்கிறது. இந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு நண்பர்களும் சொந்தக்காரப் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பிடித்த கேம் ஒன்று இருக்கிறது. எதற்கு வேறு வகை?

அதில் சந்தோஷமாக இருந்தால் ஒரு அவசரமும் இல்லை, ஆடுங்கள். ஆனால் என்னிடம் பேசுபவர்கள் பலர் அந்த நிலையில் இல்லை. ராத்திரி போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமைத் திறந்து நாலு மேட்ச் ஆடுகிறார்கள். ஜெயித்தாலும் மனசில் ஒன்றும் தோன்றாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். “வயசாயிடுச்சு, கேமே சலிச்சுப் போச்சு” என்கிறார்கள். இருபத்தைந்து வயதில் இதைச் சொன்னவர்கள் உண்டு! சலித்தது அந்த ஒரு வகை மட்டும்தான். ஐந்து வருடமாக ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர், பசியே போய்விட்டது என்று சொல்வதைப் போன்றது அது.

ஆர்பிஜி, ரோக்லைக், பிளாட்ஃபார்மர் என்கிறார்கள். இந்தப் பெயர்களெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பெயர்களே பிறகு வந்தவைதான். 1993இல் டூம் என்ற துப்பாக்கி கேம் வந்தபோது, அதைப் பார்த்துச் செய்த கேம்களை ‘டூம் குளோன்’, அதாவது டூமின் நகல், என்றே சில வருடம் அழைத்தார்கள். ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ (சுடுபவரின் கண் வழியாகவே பார்த்து ஆடுவது) என்ற பெயர் அதற்குப் பிறகுதான் நிலைத்தது. ரோக்லைக் என்ற பெயரும் 1980இல் வந்த ரோக் என்ற கேமிலிருந்து பிறந்தது: செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அறைகள் மாறியிருக்கும்.

பெயரை விட உதவும் கேள்வி வேறு. இந்த கேமில் ஒரு பத்து நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருப்பேன்? குறி பார்ப்பேனா, கணக்குப் போடுவேனா, படிப்பேனா, சும்மா சுற்றிப் பார்ப்பேனா? யாராவது ஆடும் வீடியோவை நடுவிலிருந்து பத்து நிமிடம் பாருங்கள், தெரிந்துவிடும். டிரெய்லரில் இது தெரியாது.

எல்லோரும் புகழ்ந்த கேமை வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் தூக்கம் வந்துவிட்டது. தப்பு கேம் மேலா, என் மேலா?

இரண்டின் மேலும் இல்லை. எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

ஸ்டார்டியூ வேலி 2016இல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்த கேம். தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு வருகிறீர்கள். ஊர் மேயர் 15 பார்ஸ்னிப் விதை தருகிறார், முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு அது. நான் கல்லையும் களையையும் எடுத்து, மண்ணைக் கொத்தி, பதினைந்தையும் ஊன்றித் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான், வேலை முடிந்தது. சுட யாரும் இல்லை, யாரும் என்னைத் துரத்தவும் இல்லை. ஊர்க்காரர்களிடம் அறிமுகம் செய்துகொள் என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பகல் முழுக்க மிச்சம் கிடந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பத் திறந்தபோது கேமுக்குள் மூன்றாம் நாள். அந்த கேமில் முதல் வசந்தத்தின் மூன்றாம் நாள் எப்போதும் மழை. செடிகளுக்கு இன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் ஊற்றினால் குறையும் தெம்பு முழுவதும் மிச்சம். அதை வைத்து மரம் வெட்டலாமே! 50 விறகு சேர்ந்தால் ஒரு பெட்டி செய்யலாம், பெட்டி இருந்தால் பையில் இடம் மிஞ்சும், பையில் இடம் இருந்தால் நாளைக்குக் காட்டுப்பக்கம் போகலாம். கேமில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். அன்று ராத்திரி, இன்னும் ஒரே ஒரு நாள் என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு நாளும் அந்த கேமிடம் நான் கேட்டது படபடப்பை. அதனிடம் அது இல்லை. அதனிடம் இருந்தது நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் சுகம். ஒவ்வொரு வகையும் தன் ருசியை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. நாம் பழைய கேமில் கிடைத்த இடத்திலேயே கையை விட்டுத் துழாவிவிட்டு, இல்லை என்று எழுந்துவிடுகிறோம். புது வகையில் தடுமாறும் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கஷ்டமாக இருப்பதால் விடுபவர்கள் குறைவு.

அப்படியானால் எதில் தொடங்குவது?

பாதி தெரிந்த, பாதி தெரியாத கேமில். ஒரு கால் பழைய கரையில் இருக்கட்டும்.

ஷூட்டர் ஆடுபவருக்கு நான் முதலில் தருவது போர்ட்டல், 2007இல் வந்தது. கையில் துப்பாக்கி இருக்கும், குறி பார்ப்பீர்கள், ஓடுவீர்கள், குதிப்பீர்கள். ஆனால் அந்தத் துப்பாக்கி சுவரில் இரண்டு ஓட்டை போடும், ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வருவீர்கள். அரை மணி நேரம் கழித்து, தான் ஆடிக்கொண்டிருப்பது பஸில், அதாவது புதிர் கேம் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிகிறது. கேமும் மூன்று நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கார் ரேஸ் ஆடுபவருக்கு யூரோ டிரக் சிமுலேட்டர் 2. அதே ஸ்டீயரிங், அதே சாலை, ஆனால் வேகமாகப் போனால் அபராதம். சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. சீட்டாட்டப் பிரியருக்கு ஸ்லே த ஸ்பயர் அல்லது பலாட்ரோ, இரண்டும் போனிலும் கிடைக்கும். கால்பந்து கேமே உலகம் என்றிருப்பவருக்கு ஃபுட்பால் மேனேஜர்: பந்தை நீங்கள் உதைக்கவே மாட்டீர்கள், அணி எடுப்பதும் வியூகம் வகுப்பதும்தான் ஆட்டம். அடிதடி ஆக்‌ஷன் பிடிக்கும், கதையும் வேண்டும் என்பவருக்கு ஹேடீஸ்.

கையில் எந்தப் பழக்கமும் இல்லாத அம்மா, அக்காவுக்கு என்று கேட்டால் மான்யுமென்ட் வேலி, போனில் தொட்டு ஆடும் புதிர் கேம். விரல் இருந்தால் போதும்.

ஸ்ட்ராடஜி என்றாலே தலை சுற்றுகிறது. திரை முழுக்க பட்டன், எண், மெனு. அது படித்தவர்கள் ஆடுவதா?

அப்படியெல்லாம் இல்லை. ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு யாரையும் கொல்லாது. புலி நகர இடமில்லாமல் அடைத்தால் ஆட்டுக்கு வெற்றி. திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடிய அந்த ஆட்டம் முழுக்க முழுக்க ஸ்ட்ராடஜி. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்று தயங்கிய அந்த நிமிடமும் அதுதான்.

அந்த உணர்வு அப்படியே கிடைக்கும் கணினி கேம் இன்டு த பிரீச், 2018. எட்டுக்கு எட்டுக் கட்டம், அதாவது செஸ் போர்டு அளவு. உங்களிடம் மூன்று இயந்திர மனிதர்கள். எதிரே ராட்சதப் பூச்சிகள். கட்டிடங்களைக் காப்பாற்றுவதுதான் வேலை. விசேஷம் என்னவென்றால், அடுத்து எந்தப் பூச்சி எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறது என்று கேமே முன்கூட்டிக் காட்டிவிடும். ஒளிவு மறைவு கிடையாது.

நான் அதில் முதலில் செய்த காரியம், தெரிந்த பூச்சியை எல்லாம் அடிப்பது. தோற்றேன். ஒருமுறை ஒரு பூச்சி அடுக்குமாடிக் கட்டிடத்தைக் குறிவைத்து நிற்கிறது. அதைக் கொல்லும் அளவுக்கு என்னிடம் பலமில்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பக்கவாட்டில் இருந்து ஒரு குத்து விட்டு அதை ஒரே ஒரு கட்டம் தள்ளினேன். குறி அப்படியே நகர்ந்தது. கட்டிடத்துக்கு விழ வேண்டிய அடி பக்கத்தில் நின்ற இன்னொரு பூச்சி மேல் விழுந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பத்து வருடம் ஹெட்ஷாட் அடித்ததில் அப்படி ஒரு நிறைவு எனக்குக் கிடைத்ததில்லை.

பெரிய ஸ்ட்ராடஜிக்குப் போக ஆசை வந்தால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999இல் வந்த கேம், இன்றும் ஆயிரக்கணக்கில் ஆடுகிறார்கள். 2022இல் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் ஒரு தனி நாகரிகமாகச் சேர்ந்தார்கள். சுருள்வாள் வீரர்கள் உண்டு, ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் தனி அத்தியாயமாக உண்டு. கடாரம் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அந்தக் கடலில் கப்பல் ஓட்டுவதே தொடங்கப் போதுமான காரணம்.

கஷ்டமான கேமில் ஈஸி மோடு போடுவது ஏமாற்றுவது ஆகாதா?

ஆகாது. கேம் செய்தவர்களே வைத்த வசதியைப் பயன்படுத்துவதில் என்ன ஏமாற்று?

செலஸ்ட் 2018இல் வந்தது, மலை ஏறும் பெண்ணின் கதை. ஒரு தாவல் பிசகினாலும் செத்துப்போவீர்கள், அடுத்த நொடியே அதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள். அதில் அசிஸ்ட் மோடு என்று ஒன்று உண்டு. கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் தெம்பைத் தீராமல் வைக்கலாம், சாகாமலே ஆடவும் செய்யலாம். நான் சொல்லும் வழி: வேகத்தை 80 சதவீதத்தில் வைத்துத் தொடங்குங்கள். விரல் பழகியதும் 90, பிறகு 100. சைக்கிள் பழகும்போது அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டு வருவாரே, அதேதான்.

ஹேடீஸின் காட் மோடு இன்னும் அழகு. போட்டவுடன் உங்கள் மேல் விழும் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறைந்துகொண்டே போகும், மொத்தக் குறைப்பு 80 சதவீதம் ஆகும் வரை. தோற்கத் தோற்க கேம் உங்களை மெல்லத் தாங்கிப் பிடிக்கிறது.

கஷ்டத்துக்குப் பேர்போன எல்டன் ரிங் கேமில் இப்படி மெனு எதுவும் கிடையாது. ஆனால் முதல் வெளியில் காலடி வைத்ததுமே குதிரையில் ஒரு தங்கக் கவச வீரன் உலாத்துவான். பாதி பேர் அவனிடம் பத்து முறை செத்துவிட்டு கேமையே நீக்கிவிடுகிறார்கள். அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம். அந்த கேமில் ஈஸி மோடு என்பது வேறு பக்கம் திரும்பிப் போவதுதான். பலம் சேர்த்துக்கொண்டு பிறகு வாருங்கள்.

கதை கேம்களில் ஆங்கிலம் நிறைய. அவ்வளவு வேகமாகப் படிக்க வராதே?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்கவே வேண்டாம், நியாயமான கேள்வி. டிஸ்கோ எலீசியம் அற்புதமான கேம், ஆனால் அதில் பத்து லட்சத்துக்கும் மேல் சொற்கள். முதல் கதை கேமாக அதை யாருக்கும் தரமாட்டேன்.

ஃபிளாரன்ஸ் என்று போனிலேயே ஆடும் கேம் ஒன்று, 2018. ஒரு காதல் தொடங்கி முடியும் கதை, ஏறக்குறைய வசனமே இல்லை. முதல் சந்திப்பில் பேச்சை ஒரு ஜிக்சா மாதிரி துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகளின் எண்ணிக்கை குறையும், பேச்சு சுலபமாகிவிட்டது என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்து வெண்பா என்ற கேம். 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்தது, மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த முதல் கேம் விருது பெற்றது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு. பக்கம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கும். விடுபட்ட படி என்ன என்று யூகித்துச் சமைக்க வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்களுக்கு அது புதிர். இட்லித் தட்டைக் கையில் பிடித்த நமக்குப் பாதி விடை வீட்டிலேயே இருக்கிறது. எந்த கேமும் தெரியாத என் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “தண்ணி ஊத்தாம அடுப்பப் பத்த வைக்காதடா” என்று கத்தினார். அந்த ராத்திரி லேப்டாப் அவர் மடிக்குப் போய்விட்டது.

பேய் கேம் ஆட ஆசை, ஆனால் பயம். என்ன செய்ய?

பகலில், ஹெட்போன் இல்லாமல், பக்கத்தில் ஒருவரோடு ஆடுங்கள். பயத்தில் பாதி காதில்தான் இருக்கிறது. சோமா கேமில் சேஃப் மோடு உண்டு, அதில் ராட்சதர்கள் உங்களைக் கொல்லமாட்டார்கள். கதைக்காக மட்டும் ஆடலாம், கதை அவ்வளவு நன்றாக இருக்கிறது. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தூக்கம் கெடுத்துக்கொண்டு ஆட வேண்டிய கேம் எதுவும் இல்லை.

சில கேமில் பத்து நிமிடத்தில் குமட்டுகிறதே?

உடம்பு சொல்வதைக் கேளுங்கள், உடனே நிறுத்துங்கள். பிறகு செட்டிங்ஸில் மோஷன் பிளரையும் (திரும்பும்போது படம் மங்குவது) கேமரா குலுங்கலையும் அணையுங்கள். பார்வைக் கோணத்தை (மெனுவில் Field of View அல்லது FOV) 90க்கு மேல் ஏற்றுங்கள். திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, விளக்குப் போட்டு உட்காருங்கள். முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பிடிக்குமா என்று தெரியாத கேமுக்குக் காசு போடுவதா? லேப்டாப்பும் பழசு.

கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காரணம் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டெமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுபோன்ற இன்னொரு கடையான எபிக் ஸ்டோரில் 2018 டிசம்பரிலிருந்து இலவச கேம்கள் கொடுத்து வருகிறார்கள். வியாழக்கிழமை ராத்திரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாமாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கவே மாட்டோம் என்ற வகைகள்தான் அதில் அதிகம் வரும்.

லேப்டாப் பழசு என்பது இந்த விஷயத்தில் தடையே இல்லை. மேலே சொன்ன ஸ்டார்டியூ, இன்டு த பிரீச், ஸ்லே த ஸ்பயர், செலஸ்ட், போர்ட்டல் எல்லாம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்.

மாட்டிக்கொண்டால் யூடியூபில் விடை பார்க்கலாமா?

கேமைப் பொறுத்தது. ஸ்டார்டியூவில் எந்த மீன் எந்தப் பருவத்தில் வரும் என்று தேடிப் பார்ப்பதால் ஒன்றும் குறையாது.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் ஆடும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 1807. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. அதில் இருந்த 60 பேரும் யார் யார், எப்படிப் போனார்கள் என்று நீங்கள் ஏட்டில் எழுத வேண்டும். ஒரு சடலத்தருகே கடிகாரத்தைத் திறந்தால் கடைசி நொடியின் பேச்சு கேட்கும், பிறகு அந்த நொடி அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். யார் யார் பக்கத்தில் நிற்கிறார், யாருடைய பேச்சு எந்த நாட்டுச் சாயலில் இருக்கிறது, எவருடைய உடை எப்படி என்று சேர்த்துச் சேர்த்து ஒரு பெயரை எழுதுவீர்கள். இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மூன்று பேர் சரியானால்தான் ஏடு உறுதி செய்யும், அதனால் குருட்டாம்போக்கில் எழுதித் தப்ப முடியாது. விடையைப் பார்த்துவிட்டால் அந்த கேமில் ஆடுவதற்கு எதுவுமே மிஞ்சாது. மாட்டிக்கொண்டால் ஒருநாள் மூடி வைத்துவிடுங்கள். எனக்கு இரண்டு பெயர்கள் பஸ்ஸில் போகும்போதுதான் பிடிபட்டன.

எவ்வளவு நேரம் கொடுத்துவிட்டு, எனக்கு இது வராது என்று விடலாம்?

மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாளில். முதல் முறை பட்டன் பழகவே போய்விடும். இரண்டாவது முறைதான் கேமைப் பார்க்கவே தொடங்குவீர்கள். மூன்றாவது முறை, இதில் ஆடுபவர்கள் எதை ரசிக்கிறார்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் நிம்மதியாக விடலாம். எனக்கு ஃபைட்டிங் கேம் அப்படித்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மாடர்ன் என்று எளிய கன்ட்ரோல் வைத்திருக்கிறார்கள், அதிலும் ஆடிப் பார்த்தேன். எதிராளியின் மனதைப் படிப்பதுதான் அதன் ருசி என்று புரிந்தது, எனக்கு ஒட்டவில்லை. ஆனால் இப்போது தம்பி ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் கத்துகிறான் என்று புரிந்து பார்க்க முடிகிறது.

சுற்றிவிட்டுப் பழைய கேமுக்கே திரும்பிவிட்டேன். அப்போ இவ்வளவும் வீணா?

நானும்தான் திரும்பினேன். போன வாரம்கூட நண்பர்களோடு கவுன்டர் ஸ்ட்ரைக், டஸ்ட் 2 மேப். பி பக்கச் சுரங்கத்தில் காலடிச் சத்தம். முன்பெல்லாம் சத்தம் கேட்ட மறுநொடி அங்கே ஓடிப் போய்ச் சுடுவேன், பாதி நேரம் செத்துப்போவேன். இந்த முறை சுரங்க வாசலில் ஒரு ஸ்மோக், அதாவது புகைக்குண்டு, போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். இன்டு த பிரீச்சில் பூச்சியை ஒரு கட்டம் தள்ளியதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் தயங்கினார்கள், பிறகு சத்தம் பின்வாங்கியது. மைக்கில், “மிடில் வழியா வராங்க” என்று மட்டும் சொன்னேன். அங்கே என் நண்பன் ஏற்கெனவே குறி வைத்துக் காத்திருந்தான்.